ஒலி அட்டையும் சாய்ந்த படமும்: அமெச்சூர் வானொலியில் மாதிரி வீதத் திருத்தத்தின் வரலாறு

அமெச்சூர் வானொலியாளர்கள் கணினியின் ஒலி அட்டையைக் கொண்டு எழுத்துகளையும் படங்களையும் வானொலி வழியே அனுப்புகிறார்கள். ஒலி அட்டை ஒரு நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக மாற்றுகிறதோ, அதுவே அதன் மாதிரி வீதம். 11,025 என்று குறிக்கப்பட்ட அட்டை உண்மையில் 11,026 முறை அளக்கலாம். பாட்டுக் கேட்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் படம் பெறுபவரின் திரையில் படம் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கும். இந்தச் சாய்வை நீக்குவதே மாதிரி வீதத் திருத்தம். இந்தச் சிக்கல் ஒலி அட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முந்தையது.

காலமே இடம்

வகுப்பறையில் இரு மாணவர்களை எண்ணிப் பார்ப்போம். முதல் மாணவர் கட்டம் போட்ட தாளில் உள்ள படத்தைப் பார்த்து, நொடிக்கு ஒரு கட்டமாக "கறுப்பு", "வெள்ளை" என்று சொல்கிறார். இரண்டாமவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிக்கு ஒரு கட்டமாக நகர்ந்து நிரப்புகிறார். அவருடைய கடிகாரம் சற்று விரைவாக ஓடினால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிடச் சிறிது தள்ளி விழும். நேர்க்கோடு சாய்கோடாகிவிடும். படத்தை அனுப்பும்போது காலமே இடமாக மாறுகிறது. அதனால்தான் கடிகாரப் பிழை கண்ணுக்குத் தெரிகிறது.

எழுத்துகளை அனுப்பும் முறைகளில் இந்தத் தொல்லை குறைவு. பீட்டர் மார்ட்டினெஸ் 1998-இல் வெளியிட்ட பி.எஸ்.கே.31 முறையின் வேகம் நொடிக்கு 31.25 குறிகள். இது 8,000-ஐ 256-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண். இங்கே பெறும் நிரல், வரும் குறிகளைக் கொண்டே தன் காலக்கணக்கை இடைவிடாமல் சரிசெய்துகொள்கிறது.

ஊசல் முதல் மின்சாரம் வரை

ஸ்காட்லாந்தின் கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் பெயின் 1843-இல் தந்தி வழியே உருவங்களை அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் ஆடும் ஊசல்கள் அதற்குத் தேவைப்பட்டன. இத்தாலியரான ஜொவான்னி கசெல்லியின் பான்டெலிகிராஃப் 1865-இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே பொதுச் சேவைக்கு வந்தபோதும் ஊசலே காலம் காத்தது.

ஜெர்மனியின் ருடால்ஃப் ஹெல் 1929-இல் வேறு வழி கண்டார். அவருடைய ஹெல்ஷ்ரைபர் கருவி எழுத்துகளைச் சிறு படங்களாகவே அனுப்பியது. இரு முனை மோட்டார்களின் வேகம் சற்று மாறுபட்டால் எழுத்து வரி சாயும். எனவே ஒரே வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இருமுறை அச்சாகும்படி அமைத்தார். ஒரு வரி தாளின் விளிம்பைத் தாண்டினாலும் மற்றது படிக்கக் கிடைத்தது. அவர் பிழையை நீக்கவில்லை. பிழை இருந்தாலும் செய்தி கிடைக்கும்படி செய்தார்.

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த காப்தார்ன் மெக்டொனால்ட், மெதுவரிசைத் தொலைக்காட்சியை உருவாக்கி 1958-இல் கியூ.எஸ்.டி. இதழில் விளக்கினார். 120 வரிகள் கொண்ட படம் 8 நொடிகளில் சென்றது. நொடிக்கு 15 வரி என்பது வீட்டு மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸை நான்கால் வகுத்த எண். ஒவ்வொரு வரிக்கும் 1,200 ஹெர்ட்ஸில் ஓர் ஒத்திசைவுத் துடிப்பும் அனுப்பப்பட்டது. இரைச்சல் மிகும்போது அத்துடிப்பு மறைந்து, வரிகள் சிதறின.

பின்னர் பிரிட்டனில் மார்ட்டின் எம்மர்சனும் எடி மர்ஃபியும் உருவாக்கிய மார்ட்டின், ஸ்காட்டி ஆகிய வண்ண முறைகள் குவார்ட்ஸ் படிகத்தின் துல்லியத்தை நம்பின. தொடக்கத்தில் ஒருமுறை ஒத்திசைந்தால், மீதி முழுவதையும் கணக்கிட்டே வரையலாம். இரைச்சலில் வரிகள் சிதறுவது குறைந்தது. ஆனால் படிகங்கள் ஒத்துப்போகாவிட்டால் படம் முழுதும் சாயும்.

ஒலி அட்டை வந்த பிறகு

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. 1990-களில் தனிக் கருவிகளின் வேலையைக் கணினி நிரல்கள் ஏற்றன. ஆனால் ஒலி அட்டை இசைக்காகச் செய்யப்பட்டது. பல அட்டைகளில் உள்ள 24.576 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 512-ஆல் வகுத்தால் 48,000 துல்லியமாகக் கிடைக்கும். 44,100-உம் அதன் கால்பங்கான 11,025-உம் முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பவை அல்ல. சில அட்டைகள் தோராயமான வீதத்தையே தந்தன. சிலவற்றில் ஒலியைப் பதியும் வீதமும் இயக்கும் வீதமும்கூட வேறுபட்டன.

மார்ட்டின் 1 முறையில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 114 நொடிகள் ஆகும். 11,025-இல் ஒன்று என்ற பிழை, படம் முடிவதற்குள் 10 மில்லிநொடியாகச் சேரும். 320 புள்ளி அகலமுள்ள படத்தில் இது 20-க்கும் மேற்பட்ட புள்ளிகளின் சாய்வு.

திருத்தும் முறை

ஜப்பானின் மகோட்டோ மோரி எழுதிய எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி. நிரலிலும், எஃப்.எல்.டிஜி நிரலிலும் இதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. போன்ற நேரக்குறி நிலையங்கள் நொடிதோறும் ஒரு துடிப்பை ஒலிபரப்புகின்றன. நிரல் அத்துடிப்புகளை வரிசையாக வரைகிறது. கோடு நேராக நின்றால் மாதிரி வீதம் சரி. சாய்ந்தால், நேராகும்வரை திருத்த எண்ணை மாற்ற வேண்டும். கணினி ஓடிச் சூடேறிய பிறகு செய்வது நல்லது. வெப்பநிலையோடு படிகத்தின் அதிர்வும் மாறும். இணைய வானொலி ஏற்பி வழியாக வரும் துடிப்பு இதற்கு ஏற்றதன்று. அதில் வேறொரு கருவியின் கடிகாரமும் கலந்திருக்கும்.

வெளி அளவுகோல் ஏன் வேண்டும்? ஒரே அளவு பிழையுள்ள இரு நிலையங்கள் தமக்குள் படம் பரிமாறினால் எல்லாம் நேராகவே தெரியும். மூன்றாமவர் கேட்கும்போதுதான் சாய்வு வெளிப்படும். சொந்த ஒலி அட்டையிலிருந்து அனுப்பி அதே அட்டையில் பெற்றுப் பார்ப்பதும் இதனால் பயனற்றதாகிவிடலாம். பெற்ற படத்தை நிரலால் நிமிர்த்திவிடலாம். அனுப்பிய படம் சாய்ந்ததை அனுப்பியவர் காணமாட்டார். ஆகவே பிறர் படத்தைக் குறைசொல்லும் முன் தம் அட்டையை அளப்பதே முறை.

பன்னாட்டு விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் இத்தகைய படங்களை அனுப்புகிறது. பி.டி.120 முறையில் ஒரு படத்துக்கு 126 நொடிகள். எல்லோருக்கும் அனுப்புவது ஒரே நிலையம். பிறர் பெற்ற படம் நேராகவும் நம்முடையது மட்டும் சாய்ந்தும் இருந்தால், திருத்த வேண்டியது நம் ஒலி அட்டையைத்தான்.