நகர்பேசிவழிக் கற்றல் (தமிழ்நாடு)

நகர்பேசிவழிக் கற்றல் என்பது நகர்பேசி, கையடக்கக் கணினி போன்ற எடுத்துச் செல்லத்தக்க மின்னணுக் கருவிகளைக் கற்றல், கற்பித்தல், மதிப்பீடு ஆகியவற்றிற்குப் பயன்படுத்தும் முறையாகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இக்கருவி பெரும்பாலும் ஆசிரியரின் கையிலேயே இருக்கிறது. மாணவர்கள் பள்ளிக்கு நகர்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. எனவே வகுப்பறையில் ஆசிரியரின் கருவியையும், வீட்டில் பெற்றோரின் கருவியையும் சார்ந்தே மாணவர் இம்முறையில் கற்கின்றனர்.

வரலாறு

சிறுவர்கள் கையில் எடுத்துச் சென்று கற்கத்தக்க கணினி என்னும் கருத்தை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆலன் கே 1972 ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். நகர்பேசிவழிக் கற்றலுக்கான கொள்கை வழிகாட்டுதல்களை யுனெசுக்கோ 2013 இல் வெளியிட்டது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 இல் தொடங்கப்பட்டது. 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வெளிவந்தன. பிற வகுப்புகளுக்கு அடுத்த கல்வியாண்டில் வெளிவந்தன. இந்நூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டதே இத்துறையில் முக்கியமான திருப்பமாகும். 6 முதல் 12 ஆம் வகுப்பு வரையான பாடங்களுக்குக் காணொளி விளக்கம் தரும் மணற்கேணி செயலி 2023 இல் அறிமுகமானது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளும் வழங்கப்பட்டன.

செயல்படும் முறை

பாடநூலின் குறியீட்டை நகர்பேசியின் படக்கருவியால் வருடினால், அப்பாடத்திற்குரிய காணொளியோ பயிற்சி வினாக்களோ திறக்கும். இவை 2017 இல் தொடங்கப்பட்ட தீக்சா என்னும் தேசியத் தளத்தில் சேமிக்கப்பட்டுள்ளன. குறியீட்டை வருட இயலாதபோது அதனுடன் அச்சிடப்பட்ட ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தும் பாடத்தைப் பெறலாம். ஒருமுறை பதிவிறக்கிய பாடத்தை இணைய இணைப்பு இன்றியும் பார்க்கலாம் என்பது சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் பயனுள்ள கூறாகும்.

வகுப்பறையில் இக்கருவிகளின் முதன்மைப் பயன்கள்:

* இதயத்தின் இயக்கம், கோள்களின் சுழற்சி போன்று கரும்பலகையில் காட்டுவதற்கு அரிய நிகழ்வுகளைக் காட்டுதல்
* வாசிப்புப் பயிற்சி. கூகுள் நிறுவனத்தின் ரீட் அலாங் செயலி குழந்தை தமிழில் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிறது
* வருகைப்பதிவு, கற்றல் நிலை மதிப்பீடு. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் நிலையை ஆசிரியர்கள் செயலியில் பதிகின்றனர்

சேலம், நாமக்கல் சமவெளி

1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டது. சரக்குந்துப் போக்குவரத்து, கோழிப்பண்ணை, விசைத்தறி, சவ்வரிசி உற்பத்தி ஆகியன இப்பகுதியின் முக்கியத் தொழில்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் வட மாநிலங்களுக்குச் சென்று பல மாதங்கள் தங்கிப் பணியாற்றுகின்றன. வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி இருந்து, அது ஓட்டுநரான தந்தையுடன் வெளியூர் சென்றுவிட்டால், பாடநூலில் உள்ள குறியீட்டால் பிள்ளைக்குப் பயனில்லை. தறிக்கூடத்திற்குத் தாய் எடுத்துச் செல்லும் நகர்பேசிக்கும் இது பொருந்தும். எனவே திறன்பேசி வைத்துள்ள குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மாணவரின் கற்றல் வாய்ப்பைக் கணக்கிட முடியாது.

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள் பிற மாவட்ட மாணவர்களும் வந்து தங்கிப் பயிலும் தனியார் விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றவை. விடுதி மாணவர்களின் கையில் பொதுவாக நகர்பேசி இருப்பதில்லை. அவர்கள் பள்ளியின் கணினிகளையே சார்ந்துள்ளனர்.

பெருந்தொற்றுக் காலம்

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் நகர்பேசியே பலருக்கு வகுப்பறையானது. 2019 இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, நகர்பேசி இல்லாத வீடுகளுக்கும் பாடங்களைக் கொண்டு சென்றது.

இந்திய ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் ஏசர் ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்த குழந்தைகளுள் வீட்டில் திறன்பேசி உடையோர் 2018 இல் 36.5 விழுக்காடாகவும் 2021 இல் 67.6 விழுக்காடாகவும் இருந்தனர். ஆயினும் 2021 இல் திறன்பேசி உள்ள வீட்டுக் குழந்தைகளுள் 26.1 விழுக்காட்டினருக்கு அது பயன்படுத்தக் கிடைக்கவில்லை. இழந்த கற்றலை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்கள் குழந்தைகளை நேரில் சந்தித்துக் கற்பிக்கும் முறையைத் தேர்ந்தது.

தடையும் விவாதமும்

பிரான்சு 2018 இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் நகர்பேசி பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடை செய்தது. கவனச் சிதறல், இணையவழித் துன்புறுத்தல், மாணவர்களுக்கிடையே தோன்றும் ஏற்றத்தாழ்வு ஆகியன தடையை ஆதரிப்போர் கூறும் காரணங்கள். கருவியை முறையாகக் கையாளக் கற்பிப்பதும் பள்ளியின் கடமையே என்பது மாற்றுக் கருத்தாகும். 2023 ஆம் ஆண்டின் யுனெசுக்கோ உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, தொழில்நுட்பம் கற்றலுக்கு உதவும் இடங்களில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்றும், அது ஆசிரியருக்கு மாற்றாக அமையக்கூடாது என்றும் வலியுறுத்தியது.