மேலாள் கையிலிருந்த முக்தியார்

ரங்கூனின் லத்தா பகுதிக்குக் கிழக்கே, நடந்துபோகும் தூரத்தில், மொகல் தெரு இருந்தது. இன்று அது ஷ்வே போன் தா தெரு. செட்டிநாட்டு வட்டிக்கடைகள் நெருங்கியிருந்த அந்தத் தெருவில் முதலாளிகளைவிட மேலாள் எனப்பட்ட அவர்களின் ஏஜெண்டுகளே அதிகம்.

முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவருக்காகக் கடன் கொடுக்க, அடமானம் எழுத, வழக்காட ஏஜெண்டு வேண்டும்; ஏஜெண்டுக்கு அந்த அதிகாரத்தைத் தரும் முக்தியார் பத்திரம் வேண்டும். தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. அது முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறுவார். சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு உண்டு. 1882ஆம் ஆண்டு முக்தியார் சட்டம் பர்மாவிலும் செல்லும் என்பதால், நம்பிக்கைக்கு நீதிமன்றத்தின் பலமும் சேர்ந்தது.

1929-30இல் விசாரித்த மாகாண வங்கிக் குழு, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகளைக் கணக்கிட்டது. கடல் கடந்த இவ்வளவு பெரிய தொழில் ஒப்படைத்த அதிகாரத்தால் நடந்தது என்பது வியப்புக்குரியது.

ஆனால் கொடுத்தவர் இறந்தால் முக்தியார் பொதுவாகச் செல்லாது. அங்கே கைகொடுத்தது பெரும்பாலும் உயில் அல்ல, கூட்டுக்குடும்பம். பிரியாத சொத்து மகன்களிடம் வர, அவர்கள் புதிய முக்தியார் எழுதினர்.

1930களின் நெல் விலை வீழ்ச்சியில் அடமான நிலங்கள் கடைகளுக்கே வந்து சேர்ந்தன. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டுகள் விழுந்தன. ஏஜெண்டுகள் ஊர் திரும்பினர். 1948இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது; அந்த நிலங்களை மீட்க முக்தியார் மட்டும் போதவில்லை.