துபாயில் உழைப்பு, கோவையில் முதுமை

துபாய் கராமா பூங்காவுக்கு மாலையில் போனால் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கலாம். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்த அம்மா, துணைக்கு வந்த அப்பா. விசா என்றைக்கு முடிகிறது என்பதுதான் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. பேரன் தவழ்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். வசதியுள்ள பிள்ளைகள் பலர் அவர்களுக்கு நிலையான இடம் தேடுவது கோயம்புத்தூரில். ஒரே குடும்பத்தைப் பங்குபோட்டுக்கொண்ட இந்த இரண்டு நகரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிவருகிறது.

தன் குடிமக்களில் மூத்தவர்களை அமீரகம் உயர்வாகவே வைத்திருக்கிறது. 'முதியோர்' என்ற சொல்லையே 2018இல் கைவிட்டு, 'மூத்த குடிமக்கள்' என்று அழைக்கத் தொடங்கியது. அறுபது வயது கடந்தவர்களின் உரிமைகளுக்கென 2019இல் தனிச் சட்டமும் வந்தது. துபாயில் சமூக மேம்பாட்டு ஆணையம் அவர்களுக்காக 'துக்ர்' மன்றம் நடத்துகிறது. ஷார்ஜாவில் சமூக சேவைத் துறையின் முதியோர் இல்லம் இருக்கிறது. அபுதாபியில் படுக்கையில் விழுந்தவர்களை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் நீண்டகாலப் பராமரிப்பு மருத்துவமனைகளே உண்டு. ஆனாலும் இல்லம் என்பது அங்கே கடைசி வழிதான். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் முறை. பல வீடுகளில் அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பக்கத்தில் படுத்துக்கொள்பவர் இலங்கையிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த பெண். அவருடைய தாய்க்கு ஊரில் யார் மாத்திரை கொடுக்கிறார்கள்?

வெளிநாட்டிலிருந்து வந்து உழைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடுகளில் பெரிதாக இடமில்லை. வேலை இருக்கும்வரைதான் விசா. துபாய் 2020இல் அறிவித்த ஓய்வுக்கால விசா 55 வயது கடந்தவர்களுக்கானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அறிவித்தபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மாத வருமானம் 20,000 திர்ஹம். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளம் 1,000 திர்ஹத்தில் 25 ஆண்டு உழைத்தவருக்குச் சட்டப்படி கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள் சம்பளம். மொத்தம் 705 நாள், அதாவது 23,500 திர்ஹம். கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கைக்கு வருவது, அந்த விசா கேட்ட ஒரு மாத வருமானத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

கோவையின் கதை வேறு. இதமான காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய மருத்துவமனைகள், ஷார்ஜாவுக்கு நேரடி விமானம். இவற்றை நம்பி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் மூத்தோர் குடியிருப்புகள் எழுந்தன. 'கோவைகேர்', 'நானா நானி' என்ற பெயர்களைக் கேட்காத வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பம் குறைவு. பொதுச் சமையலறை, குளியலறையில் அவசர மணி, கூப்பிட்டால் வரும் செவிலியர் என்று துபாயில் நம் பெற்றோருக்குக் கிடைக்காதவை இங்கே இருக்கின்றன. பேச்சுத்துணைக்கும் பஞ்சமில்லை. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியே ஒரு வீட்டில் விழுந்து கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இவற்றைக் கட்டியது நகரமல்ல, கட்டுமான நிறுவனங்கள். உள்ளாட்சியின் பங்கு பெரும்பாலும் கட்டட அனுமதியோடும் சொத்து வரியோடும் முடிந்துவிடுகிறது. ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அதன் வாசகம் 'அமைக்கலாம்' என்றுதான் இருக்கிறது. தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் மாநகராட்சிப் பகுதிகளுக்கு அறிவித்த 25 'அன்புச் சோலை' மையங்கள் நல்ல தொடக்கம். என்றாலும் அவை பகல் நேரத்துக்கானவை. இரவில் நெஞ்சு அடைத்தால்?

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வாரியமே புக்கிட் பாத்தோக்கில் 65 வயது கடந்தவர்களுக்கென 169 வீடுகள் கட்டியது. பராமரிப்புச் சேவையையும் வீட்டோடு சேர்த்தே விற்றது. நகரம் நினைத்தால் செய்யலாம் என்பதற்கு அது போதும்.

துபாயின் வாசலில் நிற்பது வருமானச் சான்று, கோவையின் வாசலில் நிற்பது விலைப்பட்டியல். சோனாப்பூர் தொழிலாளர் முகாமிலிருந்து அந்த 23,500 திர்ஹத்தோடு ராமநாதபுரம் திரும்புபவரால் இரண்டையும் தாண்ட முடியாது. கேரளம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சந்தா கட்டிய வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கு அறுபது வயதில் ஓய்வூதியம் தருகிறது. நம் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிய வயது வரம்பு 18 முதல் 55 வரை. 58 வயதில் கணக்கு முடித்து வருபவருக்கு அந்தக் கதவு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சாத்தப்பட்டிருக்கும்.