நாயின் சொறியும் காணாச் சிற்றுயிரும்



இரவில் வீடு அடங்கிய பின்னர்த் தாழ்வாரத்திலிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை எழும். நாய் சொறிகின்றது, சொறியும் காலின் முட்டு சீமெந்துத் தரையில் மோதுவதால் எழும் ஓசை அது. நாய் வளர்த்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள். எங்கள் வீட்டில் ஈராண்டுக் காலம் இவ்வோசையைக் கேட்டபடியே படுத்திருந்தோம். கந்தகத்தைத் தேங்காயெண்ணெயிற் குழைத்துப் பூசினோம். வேப்பிலை அவித்த நீரிற் குளிப்பாட்டினோம். ஒரு மிருக வைத்தியர் தெள்ளு என்றார். மற்றொருவர் உணவு என்றார். அயல்வீட்டுப் பெரியவர் இரத்தச் சூடு என்றார். எந்த மருந்துக்கும் பத்து நாள் தணியும். பதினோராம் நாள் மீண்டும் அதே ஓசை. காதின் ஓரங்களில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, வீட்டுக்கு வருபவர்கள் முகஞ்சுளிக்கும் நிலைக்கு அந்த நாய் வந்துவிட்டது. "ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள், அதற்கும் நல்லது" என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். ஓரிரவு நானும் அதனை எண்ணிப் பார்த்தேன்.

வைத்தியம் இவ்வளவு வளர்ந்திருக்கும் நாளில், ஒரு நாயின் சொறிக்குக் காரணம் காண்பது ஏன் இத்துணை அரிதாயிருக்கின்றது? இக்கேள்வியே என்னைப் பழைய வரலாறுகளைப் படிக்கச் செய்தது. அவ்வரலாறு நாயிலிருந்து தொடங்கவில்லை. மனிதனிலும் ஆட்டிலும் தொடங்குகின்றது.

முதலிற் சொல்லைப் பாருங்கள். சொறி என்பது நமக்கு நோயின் பெயர். நகத்தாற் பிறாண்டும் தொழிலின் பெயரும் அதுவே. உரோமர் இந்நோய்க்கு வழங்கிய 'ஸ்கேபியேஸ்' என்ற சொல்லும் சொறிதல் என்னும் வினையிலிருந்தே பிறந்தது. நாயின் சொறியை ஆங்கிலேயர் 'மேஞ்ச்' என்பர். அது உண்ணுதலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நாமும் அரிப்பைத் தினவு என்கின்றோம். அதன் வேர் தின் என்பதே. எதுவோ தோலைத் தின்பது போலிருக்கின்றது என்ற உணர்ச்சியை எல்லா மக்களும் சரியாகவே சொன்னார்கள். தின்பது எது என்பதைத்தான் நெடுங்காலம் எவரும் காணவில்லை.

காணாமலே மருந்து செய்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பெரியார் கேட்டோ, தமது வேளாண்மை நூலில் ஆட்டுச் சொறிக்கு ஒரு முறை கூறுகின்றார். ஒலிவ எண்ணெயின் கசண்டு, லூப்பின் என்னும் ஒருவகைப் பயற்றை அவித்த நீர், திராட்சை மதுவின் வண்டல் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து, மயிர் கத்தரித்த ஆட்டின் உடல் முழுவதும் பூசி, இரண்டு மூன்று நாள் விட்டுப் பின்னர்க் கடல் நீரிற் கழுவ வேண்டும் என்பது அவர் விதி. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, நாய்ச் சொறிக்குக் கீல் சேர்ந்த பூச்சு ஒன்றைக் குறிப்பிடுகின்றார். கீலும் கந்தகமும் தோலிலுள்ள சிற்றுயிர்களைக் கொல்ல வல்லவை என்பது இன்று தெரிந்த விடயம். அன்றைய உழவனுக்குக் காரணம் தெரியாது. கை மட்டும் சரியான இடத்திற்குப் போயிற்று. கற்ற வைத்தியர்களோ கேலனின் கொள்கையைப் பின்பற்றி, உடலினுள்ளே கெட்ட நீர்மங்கள் மிகுந்து தோல்வழி வெளிப்படுவதே சொறி என்றனர். ஆகவே பேதிக்குக் கொடுத்தனர், குருதி வடித்தனர். உழவன் வெளியே பூசவும் வைத்தியர் உள்ளே கழுவவுமாகப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பானிய நாட்டுச் செவில் நகரில் வாழ்ந்த அராபிய வைத்தியர் இப்னு ஸுஹ்ர், தோலின் கீழே கண்ணுக்கு அரிதாகத் தோன்றும் சிற்றுயிர் ஒன்று உண்டென எழுதினார். ஆயினும் அதனை நோயின் காரணமென்று உலகம் ஏற்கவில்லை.

இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1687ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் நிகழ்ந்தது. அங்கே பொனோமோ என்ற இளம் வைத்தியரும் செஸ்டோனி என்ற மருந்துக் கடைக்காரரும் நண்பர்கள். ஏழைப் பெண்கள் சிரங்கு கண்ட தம் பிள்ளைகளின் கையிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்து எறிவதையும், கப்பல் துடுப்பு வலிக்கும் அடிமைகள் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்துகொள்வதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாறு எடுத்த வெண்மையான சிறு பொட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, அது ஆமை வடிவில் உயிரோடு நடந்தது. அது முட்டையிடுவதையும் கண்டனர். ஈக்கள் அழுகிய இறைச்சியிலிருந்து தாமே தோன்றுவதில்லை என்பதை முன்னரே நிறுவியிருந்த அறிஞர் பிரான்செஸ்கோ ரெடிக்குப் பொனோமோ ஒரு கடிதமாக இதனை எழுதினார். நோய் குருதியில் இல்லை, இவ்வுயிரே காரணம், ஆகவே உட்கொள்ளும் மருந்தாற் பயனில்லை, பூசும் மருந்தே வேண்டும் என்றார். அன்றியும், தணிந்த நோய் திரும்புவது ஏன் என்பதற்கும் அவர் விடை வைத்திருந்தார். மருந்து உயிரைக் கொல்லும்; முட்டை எஞ்சி நிற்கும்; அது பொரிக்கும். ஆதலாற் சொறி நின்ற பின்னரும் சில நாள் பூசவேண்டும். எங்கள் வீட்டுப் பதினோராம் நாளை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எழுதிவைத்திருக்கின்றார்!

பெரியவர்கள் ஏற்கவில்லை. பாப்பரசரின் வைத்தியராகிய லான்சிசி, சிற்றுயிர் இருக்கலாம், அதுவே முழுக் காரணமாகாது என்று மறுத்தார். 1703இல் இங்கிலாந்தில் றிச்சர்ட் மீட் அக்கடிதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டும் மருத்துவ உலகம் அசையவில்லை.

அதன் பின்னர் நடந்தது சிரிப்புக்கும் வெட்கத்துக்கும் உரியது. 1812இல் பாரிஸ் நகரின் செயிண்ட் லூயி வைத்தியசாலையில் கலே என்பவர், சிரங்கின் சிற்றுயிரைத் தாம் கண்டதாகக் கூறிப் படத்துடன் ஓர் ஆய்வேடு எழுதிப் புகழடைந்தார். மற்றவர்கள் தேடினார்கள், ஒருவருக்கும் அகப்படவில்லை. 1829இல் ரஸ்பாய் என்பவர் அப்படத்தை ஆராய்ந்து, அது பாலாடைக் கட்டியில் வாழும் வேறொரு சிற்றுயிரின் படம் என்று காட்டிவிட்டார். இதனால், அப்படி ஓர் உயிரே இல்லை என்று பலர் முடிவு செய்தனர். பொய்ச் சாட்சி ஒன்று அகப்பட்டதும் உண்மையான குற்றவாளியும் விடுதலையடைந்தது போலாயிற்று. இறுதியில் 1834இல், கோர்சிக்காத் தீவிலிருந்து வந்து பாரிசிற் படித்துக்கொண்டிருந்த ரெனூச்சி என்ற மாணவர், ஆசிரியர்கள் கண்முன்னே ஊசியால் அதனை எடுத்துக் காட்டினார். அவருக்கு அந்த வித்தையைக் கற்பித்தது எந்தக் கல்லூரியுமன்று. தம் தீவின் பெண்கள் செய்வதைப் பார்த்திருந்தார், அவ்வளவே. பாரிஸ் அறிஞர் கொப்புளத்தினுள்ளே தேடினார்கள். அந்த உயிரோ கொப்புளத்தில் இருப்பதில்லை. அதற்கு அப்பால், தோலிற் குடைந்த சிறு சுரங்கத்தின் முடிவில் இருக்கும்.

நாய்க்கு இந்த அறிவு தாமதமாகவே கிட்டியது. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் பூர்ஜெலா நிறுவிய மிருக வைத்தியக் கல்லூரி முதலாக எல்லாக் கல்லூரிகளும் குதிரையையும் மாட்டையுமே முதன்மையாகக் கருதின. படைக்கும் உழவுக்கும் அவையே வேண்டும். நாயின் வைத்தியம் வேட்டை நாய் மேய்ப்பவன் கையில் இருந்தது. 1817இல் டெலபியர் பிளெய்ன் என்னும் ஆங்கிலேயர் நாயின் நோய்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். 1862இல் பிரெஞ்சு அறிஞர் டெலாஃபோனும் பூர்கிஞ்ஞோனும் மனிதர், வீட்டு விலங்குகள் ஆகியோரின் சொறியை ஒப்பிட்டு ஒரு பெருநூல் எழுதினர்.

இதற்கிடையே இன்னோர் உயிர் அரங்கேறியது. 1842இல் ஜேர்மானியர் குஸ்தாவ் சிமோன், மனிதத் தோலின் மயிர்க்கால்களில் புழுவைப் போல் நீண்ட ஒரு சிற்றுயிர் வாழ்வதைக் கண்டார். மறு ஆண்டு றிச்சர்ட் ஓவன் அதற்கு 'டெமோடெக்ஸ்', அதாவது கொழுப்புப் புழு, என்று பெயரிட்டார். விரைவில் மயிர் உதிர்ந்த நாய்களின் தோலிலும் அதன் இனம் ஒன்று திரளாகக் காணப்பட்டது. முன்னையது போலன்றி, இதனைக் கண்டுபிடிப்பது எளிது. ஆகவே வழக்கு முடிந்தது என்றே எண்ணினர். ஆனால் நலமான நாயின் தோலைத் தேடினாலும் அது இருந்தது! பிறந்த சில நாட்களுள், தாயின் மடியிற் பால் குடிக்கும்போதே குட்டிக்கு அது வந்து சேர்கின்றது. பெரும்பாலான நாய்களில் ஆயுள் முழுவதும் தீங்கின்றி வாழ்கின்றது. உடலின் எதிர்ப்பாற்றல் தளர்ந்தபோது மட்டும் பெருகி நோயாகின்றது. இளநாய்களில் சிறு இடத்தில் தோன்றும் இந்நோய் பெரும்பாலும் தானே மாறிவிடும். உடல் முழுவதும் பரவியதற்கோ நெடுங்காலம் நல்ல மருந்து இருக்கவில்லை. எத்தனையோ நாய்கள் அதற்காகக் கொல்லப்பட்டன.

சிரங்கு உயிரின் கதை இதற்கு நேர் மாறானது. 1941 முதல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கெனத் மெலன்பி, போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராத இளைஞர்களை அவர்களின் சம்மதத்துடன் சோதித்தார். முதன்முறை உயிர் தொற்றியவனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரை அரிப்பே இல்லை. ஒருமுறை குணமானவனுக்கு மீண்டும் தொற்றினால் ஒரு நாளுக்குள் அரித்தது. அரிப்பு என்பது அந்த உயிரின் கடி மட்டுமன்று. அதனை எதிர்க்கும் நம் உடலின் சினமும் ஆகும். பெரும்பாலோரின் உடலில் ஒரு டசன் அளவான உயிர்களே இருந்தன. நாயிலும் அவ்வாறே. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தாலும், நோயுள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் சிரங்கு உயிர் அகப்படுவதில்லை.

எனவே, காணப்படாததால் இல்லை என்று சொல்ல முடியாத ஓர் உயிர். காணப்பட்டதால் குற்றவாளி என்று சொல்ல முடியாத மற்றோர் உயிர். ஒரே நாயின் தோலில் இரண்டும் இருக்கலாம். வைத்தியர்மீது நான் கொண்டிருந்த கோபம் இதைப் படித்தபோது பெரிதும் தணிந்தது.

இவ்விரண்டும் போதாவென்று படர்தாமரைக் காளான் உண்டு. தெள்ளின் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடியே போதும். 1941இல் அமெரிக்க மருத்துவர் விற்றிச், பூண்டு ஒன்றின் மகரந்தத்தினால் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் துன்புற்ற நாயொன்றைப் பற்றி எழுதினார். மனிதனுக்கு மூக்கில் வரும் ஒவ்வாமை நாய்க்குப் பெரும்பாலும் தோலிலும் காதிலும் பாதத்திலும் வருகின்றது. இதனை உறுதிப்படுத்த இன்றும் தனியொரு சோதனை இல்லை. தெள்ளு, சிற்றுயிர், காளான், கிருமி, உணவு என ஒவ்வொன்றாக விலக்கிக் கடைசியில் எஞ்சுவதே அது. உணவா என அறியவோ நாய் முன்னர்த் தின்றிராத ஒரே உணவை எட்டு வாரம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டு வாரம்! மேசையடியில் விழும் ஒரு பிஸ்கற்றுத் துண்டு முழுச் சோதனையையும் கெடுத்துவிடும்.

1949க்குப் பின் கோர்ட்டிசோன் இனமருந்துகள் வந்தன. அரிப்பை அவை ஓரிரு நாளில் அடக்கின. மக்கள் வைத்தியரை வாழ்த்தினர். காரணத்தையோ அவை தொடவில்லை. எதிர்ப்பாற்றலைத் தளர்த்துவதால், டெமோடெக்ஸ் பெருகவும் வழிசெய்தன. சரியான நோய்க்குச் சரியான அளவில் அவை இன்றும் நன்மருந்தே. நோய் இன்னதெனத் தெரியாமற் போடும் ஊசி, தடயத்தை அழித்துவிடுகின்றது. 1981இல் ஐவர்மெக்டின் விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய மண்ணில் ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பெற்ற இம்மருந்துக்காக அவரும் கெம்பலும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். ஆயினும் கொல்லி இன நாய்கள் சிலவற்றை அது நஞ்சாகத் தாக்கியது. காரணமான மரபணு மாற்றம் 2001இல் அறியப்பட்டது. 2014ஆம் ஆண்டளவில், தெள்ளுக்கும் உண்ணிக்குமென வாயால் விழுங்கும் புதுவகை மாத்திரைகள் பரவத் தொடங்கின. அவை இவ்விருவகைச் சிற்றுயிர்களையும் அழிப்பது பின்னர்த் தெளிவாயிற்று. உட்கொள்ளும் மருந்தாற் பயனில்லை என்ற பொனோமோவின் கூற்று இந்த ஓரிடத்திற் பொய்த்தது. வலிப்புள்ள நாய்க்கு அவற்றை வைத்தியரைக் கேளாமற் கொடுத்தல் ஆகாது.

எங்கள் நாயின் தோலை மூன்று முறை சுரண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நான்காவதாகச் சென்ற வயதான வைத்தியர் சுரண்டவில்லை. காதோரத்தைத் தம் இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். உடனே நாயின் பின்னங்கால் காற்றிற் சொறியத் தொடங்கியது. "வீட்டில் வேறு யாருக்காவது கடிக்கிறதா?" என்று கேட்டார். என் மனைவியின் முழங்கையின் உட்புறத்தில் மாதக்கணக்காகச் சிறு தடிப்புகள் இருந்தன. அதனை நாங்கள் எந்த வைத்தியரிடமும் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு என்றிருந்தோம். உயிரைக் காணாமலே அவர் மருந்து கொடுத்தார். கிழமைகள் கழித்து மீண்டும் கொடுத்தார். காதில் மயிர் முளைத்தது. தடிப்புகளும் மறைந்தன. இரவின் ஓசை நின்றது.

முற்றாக நின்றது என்று சொல்வதற்கில்லை. மழைக்காலம் தொடங்கும் வாரங்களில் அது இன்றும் தன் முன்பாதங்களை விடாது நக்குகின்றது. அது சிற்றுயிரின் வேலையன்று என்கின்றார் வைத்தியர். எட்டு வாரச் சோதனையில் இப்போது ஐந்தாவது வாரம் நடக்கின்றது. பிஸ்கற்றுப் பேணி அலுமாரியின் மேல் தட்டில் இருக்கின்றது.