கெராசாவின் தூண் வீதி

மாற்கு 5ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க எழும் போதகர் ஓர் ஊர்ப்பெயரின்முன் சற்றுத் தயங்குவது இயல்பு. நமது பழைய திருப்புதலில் மத்தேயு கெர்கெசேனர் நாடு என்கிறார்; மாற்கும் லூக்காவும் கதரேனர் நாடு என்கின்றனர். மாற்குவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளிலோ கெராசேனர் என்றே காணப்படுகிறது. அந்தக் கெராசா, இன்று யோர்தான் நாட்டில் ஜெராஷ் என வழங்கும் ஊராகும். கலிலேயாக் கடலுக்கும் அதற்கும் இடையே 50 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அருகிற் கடலோ ஏரியோ இல்லாத ஊர் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் அதனை மறுத்துவிட்டார். மாற்கு குறிப்பது நகரத்தையன்று, அதைச் சார்ந்த நாட்டையே எனச் சிலர் விடை கூறுவர். அது நமக்கு முழு நிறைவளிக்கவில்லை. ஆயினும் தெக்கப்போலி நகரங்களுள் கெராசாவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இவ்வூர்த் தூண் வீதியின் படமொன்றைக் காட்டி, ஆண்டவர் காலத்து வீதி இதுவே என முன்பு நாமே பிரசங்கித்ததுண்டு. நேரிற் சென்று கண்டபின் அச்சொல்லைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தெற்கே, பேரரசன் ஆதிரியான் கி.பி. 129-130இல் வந்ததற்காக எழுப்பிய வளைவைக் கடந்து நகருக்குள் நுழைகிறோம். தூண்கள் சூழ்ந்த முட்டை வடிவ முற்றம் ஒன்று முதலில் எதிர்ப்படுகிறது. அங்கிருந்து வடக்கு வாயில்வரை ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு வீதி செல்கிறது. தளக் கற்கள் குறுக்குச் சாய்வாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்களிற் கால்விரலை வைத்துப் பார்க்கலாம். அடியில் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. ஆனால் வடக்கு வாயில் கி.பி. 115இல் கட்டப்பட்டது. வீதியை முதலில் அணி செய்தவை அயோனியத் தூண்கள். 2ஆம் நூற்றாண்டில் தென்பகுதியை அகலப்படுத்தியபோது அவற்றை அகற்றிக் கொரிந்தியத் தூண்களை நிறுத்தினர். வடகோடியில் மட்டும் பழைய தூண்கள் தங்கிவிட்டன. ஆகவே நாம் காணும் இவ்வீதி ஆண்டவர் காலத்துக்குப் பிற்பட்டது. யாத்திரை வழிகாட்டிகள் இதனைச் சொல்வதில்லை, போதகர்கள் சொல்லவேண்டும்.

ஆண்டவரின் அடிச்சுவட்டைத் தேடிச் சென்ற நாம் அங்குக் கண்டது திருச்சபையின் அடிச்சுவட்டையே. கி.பி. 191இல் அமைந்த நீரூற்று மண்டபத்தின் அருகே, முன்னிருந்த ஒரு கோயிலின் வாயில் வீதியை நோக்கி நிற்கிறது. அதனுள் அகன்ற படிக்கட்டு மேலேறுகிறது. பின்னாளில் கிறிஸ்தவர்கள் அந்த மேட்டில் தங்கள் பேராலயத்தைக் கட்டினர். கிழக்கு நோக்கி வழிபடுவது அவர்களது முறையாதலால், வீதியிலிருந்து படியேறி வருபவனுக்கு முதலில் எதிர்ப்படுவது ஆலயத்தின் பின்சுவர்! அந்தச் சுவரில் மரியாளுக்கும் பிரதான தூதர் இருவருக்கும் ஒரு மாடத்தை அமைத்து, அவனைச் சுற்றுவழியே வாசலுக்கு அனுப்பினர். பிறருடைய வாயிலை ஏற்றுக்கொண்ட சபை அதன் திசையைமட்டும் ஏற்கவில்லை. இதனை நாம் குறைகூற மாட்டோம்.

வீதிக்கு மேற்கே, அர்த்தெமிஸ் கோயிலுக்கும் அப்பால் உயர்ந்த மேட்டில் நாம் கண்டது வேறு. அங்கே யூதரின் ஜெப ஆலயம் ஒன்று எருசலேமை நோக்கி, அதாவது மேற்கு முகமாக, இருந்தது. கி.பி. 530-531இல் அது கிறிஸ்தவ ஆலயமாக மாற்றப்பட்டு, திசையும் கிழக்காகத் திருப்பப்பட்டது. பழைய தரையின்மேல் புதிய தரை போடப்பட்டது. 1929ஆம் ஆண்டு அகழ்வில் அதனடியில் வண்ணக்கல் சித்திரம் வெளிப்பட்டது: ஏழு கிளைக் குத்துவிளக்கு, எக்காளக் கொம்பு, நோவாவின் பேழைக்குரிய மிருகங்களும் பறவைகளும் வரிசை வரிசையாக, சேம், யாப்பேத் என்னும் பெயர்களுடன் இரு முகங்களும் இருந்தன.

நோவாவின் கதை நமக்கும் உரியதன்றோ? அதை மூடி அதன்மேல் நின்று அங்கிருந்த குருமார் நோவாவைக் குறித்து வாசித்திருப்பர். கி.பி. 749இல் பூகம்பம் நகரை வீழ்த்தியபோது அந்த மிருகங்கள் புதிய தரைக்குக் கீழே, இன்னும் வரிசை கலையாமல் நின்றிருந்தன.