16 செல் பி.எம்.எஸ்., 15 செல் பேக்: தகவமைப்பின் மூன்று நிலைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பேட்டரி புதிதல்ல. பழைய லெட்-ஆசிட் பேட்டரிகளை உருக்கி ஈயம் பிரிக்கும் ஆலைகள் அங்கே இயங்குகின்றன. ஆனால் ஃபோர்க்லிஃப்ட், யு.பி.எஸ்., செல்போன் கோபுரம் ஆகியவற்றில் 48 வோல்ட் ஈய பேட்டரி இருந்த இடத்துக்கு நாடெங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் (எல்.எஃப்.பி.) பேக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. பேட்டரி மேலாண்மை அமைப்பு, அதாவது பி.எம்.எஸ்., இல்லாமல் இந்தப் பேக்குகளைப் பாதுகாப்பாக இயக்க முடியாது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் பணிமனைகள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது: 16 செல்லுக்கென வாங்கிய பி.எம்.எஸ்.ஐ 15 செல் பேக்கில் பொருத்தலாமா?

இதற்கு இருவகை விடைகள் உண்டு. ‘மிச்ச வயரை ஷார்ட் செய்தால் போதும்’ என்பது ஒன்று. ‘கூடவே கூடாது, புதிது வாங்குங்கள்’ என்பது மற்றொன்று. இரண்டுமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். செல் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆனால் வயரிங், அமைவு மதிப்புகள், சார்ஜர் என்ற மூன்று நிலைகளிலும் அந்த மாற்றத்தைச் செய்தாக வேண்டும். அப்படிச் செய்தபின் கையில் இருப்பது பழைய பேக் அல்ல, புதிய பேக்.

1. பதினைந்து ஏன்?

48 வோல்ட் ஈய பேட்டரியில் 24 செல்கள் உள்ளன. செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் 54 வோல்ட்டில் அதை மிதவைச் சார்ஜில் வைப்பது வழக்கம். அதே 54 வோல்ட்டை 16 எல்.எஃப்.பி. செல்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 3.375 வோல்ட், 15 செல்கள் பகிர்ந்தால் 3.6 வோல்ட். ஒரு செல்லின் உச்ச வரம்பு 3.65 வோல்ட். எனவே பழைய ரெக்டிஃபையரை மாற்றாமலே 15 செல் பேக்கை முழுமையாக நிரப்பலாம். 16 செல் பேக் அவ்வரம்புக்கு இன்னும் கீழே நிற்கும். சந்தையில் இருவகைப் பேக்குகளும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பழுதான ஒரு செல்லை நீக்கிவிட்டு மீதியை ஓட்டும் பழுதுநீக்கு முறை மற்றொரு காரணம்.

2. வயரிங்

செல்களை அளக்கும் சிப்பின் வடிவமைப்பிலேயே எண்ணிக்கைக் குறைப்புக்கு இடமிருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிக்யூ76952 சிப் 3 முதல் 16 செல்கள் வரை ஏற்கும். பிக்யூ76940 சிப் 9 முதல் 15 வரை ஏற்கும். பின்னது ஐந்தைந்து செல்களாக மூன்று குழுக்கள் கொண்டது. குழுவின் உச்சி முனையில் உண்மையான செல் இருந்தாக வேண்டும்; அதற்கு அடுத்துக் கீழுள்ள இடங்களைத்தான் ஷார்ட் செய்யலாம். உச்சியைக் காலியாக விடும் எளிய பழக்கம் இங்கே செல்லாது.

ஷார்ட் செய்யும் இடமும் முக்கியம். செல்லிலிருந்து வயரைக் கழற்றிய பிறகு, போர்டின் பக்கத்தில்தான் இரு உள்ளீடுகளையும் இணைக்க வேண்டும். செல்லில் மாட்டியிருக்கும் இரண்டு பேலன்ஸ் வயர்களை முறுக்கினால் அந்தச் செல்லே ஷார்ட் ஆகி வயர் எரியும். உள்ளீட்டைத் தொங்கலில் விட்டாலோ, அது காட்டும் மதிப்பை நம்ப முடியாது.

3. அமைவு மதிப்புகள்

பிக்யூ76952-இல் எந்தெந்த இடத்தில் செல் உள்ளது என்பதை இடத்துக்கொரு பிட் வீதம் குறிக்கும் அமைவு ஒன்று உண்டு. அதை மாற்றாவிட்டால் ஷார்ட் செய்த இடம் 0 வோல்ட் என்று பதிவாகும். தாழ்மின்னழுத்தப் பிழை எழுந்து, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிஸ்சார்ஜ் மாஸ்ஃபெட் அணையும். அதைத் தாண்ட, தாழ்மின்னழுத்த வரம்பையே குறைத்துவிடத் தோன்றும். பேக் ஓடும், ஆனால் மீதி 15 செல்களும் காவலை இழந்துவிடும். செல்களைச் சமன்செய்யும் பேலன்ஸிங்கும் குழம்பும்: மிகத் தாழ்ந்த செல்லோடு ஒப்பிடும் முறையில், 0 வோல்ட்டுக்கு எதிரே எல்லாச் செல்களும் உயர்ந்தவையாகத் தெரியும்.

கொள்ளளவுக் கணக்கும் மாறும். 100 ஆம்பியர்-மணி செல்களால் ஆன 16 செல் பேக் 5.12 கிலோவாட்-மணி, 15 செல் பேக் 4.80. அதே திறனைத் தர மின்னோட்டம் 6.7 சதவீதம் கூடும். வயரிலும் மாஸ்ஃபெட்டிலும் வெப்ப இழப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். பழைய ஆம்பியர் வரம்பு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

4. சார்ஜர்

மிக எளிதில் விட்டுப்போகும் நிலை இது. 16 செல்லுக்கான சார்ஜர் 58.4 வோல்ட் வரை ஏறும். அது 15 செல்களில் பகிரப்பட்டால் செல்லுக்கு 3.89 வோல்ட். ‘பி.எம்.எஸ். வெட்டிவிடும்’ என்பது உண்மையே. ஆனால் அவசரத்துக்கென வைத்த காவலை ஒவ்வொரு சார்ஜிலும் முதல் நிறுத்தமாகப் பயன்படுத்துகிறோம் என்பதே அதன் பொருள். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிப் பழுதானால் அடுத்த தடுப்பு எதுவும் இல்லை. ஆகவே சார்ஜரை 54.75 வோல்ட்டுக்குள் அமைப்பது கட்டாயம்.

5. மறுப்பும் விடையும்

இத்தனை நுணுக்கம் இருப்பதால் முற்றிலும் தடைசெய்வதே பாதுகாப்பு என்று வாதிடலாம். ஆனால் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் மறுசுழற்சியோடு புதுப்பித்தலையும் தம் வரம்புக்குள் கொண்டுவருகின்றன. புதுப்பித்தலைச் சட்டம் ஒரு தொழிலாகவே ஏற்றிருக்கும்போது தடை, வேலையை மறைவிடத்துக்குத் தள்ளும். வாகனப் பேக்கின் நிலை வேறு. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ்.-156 விதியின்படி, இருசக்கர, மூன்றுசக்கர மின்வாகனங்களின் பேக் குறிப்பிட்ட வடிவமைப்பாகச் சோதிக்கப்பட்டே ஒப்புதல் பெறுகிறது. செல் எண்ணிக்கையை மாற்றிய பேக்குக்கு அந்த ஒப்புதலைக் காட்ட முடியாது. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் பேக்குகளுக்கே இத்தகவமைப்பு உரியது.

முடிவுரை

தகவமைத்த ஒவ்வொரு பேக்கிலும் செல் எண்ணிக்கை, கிலோவாட்-மணி, சார்ஜர் உச்ச வோல்ட், மாற்றிய நாள் ஆகியவற்றைக் கொண்ட புதிய பெயர்ப்பலகை இருக்க வேண்டும்; உயர், தாழ் வரம்புகள் இரண்டிலும் பி.எம்.எஸ். வெட்டுகிறதா என்று சோதித்த பதிவும் இருக்க வேண்டும். இவை இல்லாத பேக்கைப் பணிமனை வெளியே அனுப்பக்கூடாது, வாடிக்கையாளரும் வாங்கக்கூடாது.