கல்லுக்குள் ஒரு கோடு

போன வாரம் ஒரு நண்பர் என் உள்ளங்கையில் ஒரு சின்னக் கல்லை வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பித்தளை நிறம், சுருண்ட வடிவம். “நத்தைதானே?” என்றேன். சிரித்துவிட்டார்.

அது அம்மோனாய்டு. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம். சாளக்கிராமம் பார்த்திருப்பீங்க இல்லையா? அதற்குள் இருக்கும் சுருளும் இந்தக் கூட்டம்தான். ஆனால் இந்தக் கல் இன்னும் பழசு. ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில், பூடெஸ்ஹைம் என்ற ஊரின் களிப்பாறையில் கிடைத்தது. டெவோனியன் காலம், வயது 37 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

சரி, பார்த்தால் எல்லாச் சுருளும் ஒரே மாதிரி இருக்கே, எப்படிப் பிரிப்பது? 1832-இல் ஜெர்மானியப் புவியியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் ஒரு வழி சொன்னார்: வெளி வடிவத்தை நம்பாதீங்க, கோட்டைப் பாருங்க. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள் இருக்கும். அறைச்சுவர் ஓட்டோடு ஒட்டும் இடத்தில் ஒரு கோடு விழும். அது எப்படி வளைகிறது என்பதை வைத்து இந்த உயிர்களை அவர் மூன்றாகப் பிரித்தார். டெவோனியன் காலத்துக் கோடுகள் பெரும்பாலும் எளிமையானவை. பிற்காலத்து அம்மோனைட்டுகளில் அதே கோடு இலைக்கொத்து போலக் கிளை கிளையாகப் பிரியும்.

இன்னொரு அடையாளம், அறைகளை இணைக்கும் மெல்லிய குழாய். பொதுவாக அது சுருளின் வெளி விளிம்பில் ஓடும். கிளைமேனியா என்ற கூட்டத்தில் மட்டும் உள்பக்கம் ஓடும். அந்தக் கூட்டம் டெவோனியனின் கடைசிப் பகுதியில் தோன்றி, சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் காலம் முடியும்போதே அழிந்துபோனது. அப்படின்னா, குழாய் உள்பக்கம் இருந்தால் அந்தப் பாறையின் வயதும் தெரிந்துவிடும். ஒரு சின்னக் குழாய்தான் நமக்குக் கடிகாரம்!

நான் பார்த்து முடித்ததும் நண்பர் கல்லை அவசரமாக ஒரு டப்பாவில் போட்டு, சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடினார். காரணம் அந்தப் பித்தளை நிறம். அது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சென்னை மாதிரி ஈரக்காற்று பட்டால் மெல்ல மெல்ல அமிலம் கசிந்து, கல் பொடியாகிவிடும். பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சீட்டையும் அந்த அமிலம் அரித்துவிடும்.

எனக்கு உறுத்தியது அந்தச் சீட்டுதான். எந்த ஊர், எந்த அடுக்கு என்ற குறிப்பு போய்விட்டால், கல் பிழைத்தாலும் பாதிக் கதை போச்சு. அதனால், உங்களுக்கு எப்போதாவது இப்படி ஒரு கல் கிடைத்தால், பெயர் தேடுவது அப்புறம். முதலில் எங்கே எடுத்தீங்கன்னு எழுதி வைங்க. பிறகு அந்தக் கோட்டை வரைஞ்சு வைங்க.